வுஜூத் என்னும் முதல் பாடம்

(புத்தளத்தில் மஃரிபுக்குப் பின் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

இந்தக் கூட்டத்தின் தலைப்பு வெளியானதிலிருந்து என்னிடம் கேட்கப்பட்டது ஒரே கேள்விதான்: “சேர், நீங்கள் எந்தப் பக்கம்?” வஹ்ததுல் வுஜூத், அதாவது இருப்பு ஒன்றே என்ற கொள்கை, என்று வாய் திறந்தாலே இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. பதில் சொல்லத்தான் போகிறேன், ஓடி ஒளிய மாட்டேன். ஆனால் நமது ஊர்களில் பலரும் பக்கத்தை முதலில் பிடித்துவிட்டு வாதத்தைப் பிறகு தேடுகிறார்கள். ‘எல்லாம் அவனே’ என்று ஒரு தரப்பு, ‘எல்லாம் அவனால்’ என்று மறு தரப்பு. இரண்டும் சுவரில் எழுதக்கூடிய அளவு சின்ன வசனங்கள். இந்தக் கொள்கைக்குப் பின்னால் ஒரு நீண்ட வாதம் இருக்கிறது. அதை எந்தப் படியில் ஏற்கலாம், எந்தப் படியில் மறுக்கலாம் என்று நமது முன்னோர்கள் நுட்பமாகப் பார்த்திருக்கிறார்கள். இன்று அந்தப் படிகளில் ஏறிப் பார்ப்போம்.

தொடக்கம் நமக்குப் பழகிய இடம்தான். பழைய முறையில் அகீதா ஓதியவர்கள் அல்லாஹ்வுக்கு வாஜிபான (கட்டாயமாக உள்ள) இருபது ஸிஃபத்துகளை (பண்புகளை) மனப்பாடமாகச் சொல்வார்கள். வுஜூத், கிதம், பகா என்று வரிசை போகும். அந்த வரிசையைப் பிரபலமாக்கியவர் வட ஆபிரிக்காவில் தில்ம்ஸான் நகரத்து இமாம் ஸனூஸி, 15ஆம் நூற்றாண்டுக்காரர். முதல் ஸிஃபத்தே வுஜூத், இருப்பு. சிறுபிள்ளைக்கு இதில் ஒரு சங்கடமும் இல்லை. அல்லாஹ் இருக்கிறான், அவ்வளவுதான். ஆனால் உரையாசிரியர்கள் இந்த முதல் அடியிலேயே நின்றுவிட்டார்கள். அறிவு ஒரு ஸிஃபத்து, சரி. ஆற்றல் ஒரு ஸிஃபத்து, சரி. இருப்பை எப்படி ஸிஃபத்து என்று சொல்வது? ஒன்று முதலில் நின்று கொண்டிருந்து, அதன் மேல் இருப்பு வந்து ஒட்டிக் கொள்கிறதா? இமாம் அஷ்அரியின் முடிவு: ஒரு பொருளின் இருப்பு அந்தப் பொருளேதான், அதற்கு மேல் தனியாக ஒன்றும் கிடையாது. ஆகவே வுஜூதை ஸிஃபத்து வரிசையில் சேர்த்தது ஒரு சௌகரியத்துக்காகத்தான் என்று உரைகள் சொல்கின்றன. இமாம் ராஸி இதற்கு மாறாக, இருப்பு என்பது பொருளின் தன்மைக்கு மேலதிகமான ஒன்று என்ற பக்கம் சாய்ந்தார். பார்த்தீர்களா? சூஃபிகள் இன்னும் மேடைக்கே வரவில்லை, அகீதாவின் முதல் பாடத்திலேயே கருத்து வேறுபாடு வந்துவிட்டது.

இந்தக் கரைக்கும் இந்த விவாதத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். 1344இல் இப்னு பதூதா வந்து இறங்கிய பத்தாளா நமது புத்தளம் என்பதைப் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். மலையாறுகள் அடித்துக் கொண்டுவந்த கறுவா மரங்கள் கரையில் குன்று குன்றாய்க் கிடந்ததாகவும், ஆரியச் சக்கரவர்த்தி தனக்குப் பல்லக்குக் கொடுத்து, நான்கு யோகிகளையும் மூன்று பிராமணர்களையும் துணைக்கு அனுப்பிப் பாவா ஆதம் மலைக்கு வழியனுப்பியதாகவும் எழுதினார். அவர் எந்தெந்த ஊர்களைக் கடந்து இங்கே வந்தார் என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை. டமஸ்கஸ் பள்ளியில் மிம்பர் மீது இப்னு தைமியாவைப் பார்த்ததாகத் தமது நூலில் சொல்கிறார். அவர் டமஸ்கஸ் போய்ச் சேர்வதற்கு முன்பே இப்னு தைமியா சிறைக்குப் போய்விட்டார் என்பதால் ஆய்வாளர்கள் அந்தக் கதையை நம்புவதில்லை, அது வேறு. வஹ்ததுல் வுஜூதின் மூலகர்த்தாவாகச் சொல்லப்படும் சூஃபி இப்னு அரபியின் கொள்கைக்கு எதிராக மிகக் கடுமையாக எழுதியவர் இப்னு தைமியா. அதே பயணி, தம் குதிரைக்கு நோய் கண்டதால், இஸ்னிக் நகரில் நாற்பது நாள் தங்கினார். சில ஆண்டுகளில் அதே நகரில் உஸ்மானிய ஆட்சியாளர் ஒர்ஹான் அமைத்த மத்ரஸாவுக்குத் தலைமை ஆசிரியராக வந்தவர் தாவூத் கைஸரி. வஹ்ததுல் வுஜூதுக்குத் தர்க்க உடை உடுத்தியவர்களில் அவர் முக்கியமானவர். எதிர்ப்பும் ஆதரவும் ஒரே பாதையில் கிடந்தன. அந்தப் பாதையின் ஒரு நுனி நமது களப்புக் கரை.

ஆனால் இலங்கைக்கு இந்த வாதத்தைத் தோளில் சுமந்து வந்த மனிதர் வேறொருவர். அவரைப் பற்றித்தான் நமது பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

கற்பிட்டியில் நாம் பார்க்கிற ஒல்லாந்தர் கோட்டை கட்டி முடிந்து பத்து வருஷம்கூட ஆகாத காலம். 1684இல் ஒல்லாந்தர் ஜாவாவிலிருந்து ஓர் அரசியல் கைதியை இலங்கைக்கு அனுப்பினார்கள். பெயர் ஷெய்க் யூசுப் மக்காஸரி. சுலாவெசித் தீவில் 1626இல் பிறந்தவர். பந்தன் நாட்டில் சுல்தான் அகெங் ஒல்லாந்தரோடு நடத்திய போரில் சுல்தானின் பக்கம் நின்று, சுல்தான் பிடிபட்ட பிறகும் காட்டுக்குள் நின்று போராடி, 1683இல் அகப்பட்டவர். பத்து வருஷம் இந்தத் தீவில் இருந்தார். ஹஜ்ஜுக்குப் போகிற, திரும்புகிற ஜாவா யாத்திரிகர்கள் இலங்கைத் துறைமுகங்களில் தங்குவார்கள். அவர்கள் கையில் கடிதமும் கிதாபும் கொடுத்தனுப்பினார். இது ஒல்லாந்தருக்குப் பிடிக்கவில்லை. 1694இல் இன்னும் தூரமாக, தென்னாபிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்கு அனுப்பிவிட்டார்கள். 1699இல் அங்கேயே வபாத்தானார். இலங்கையில் இருந்தபோது எழுதிய நூல்களில் ஒன்றுக்கு ‘அந்நஃப்ஹா அஸ்ஸைலானிய்யா’ என்று பெயர். நமது தீவின் பெயரைத் தாங்கிய தஸவ்வுஃப் நூல்.

மக்காஸரியின் ஆசிரியர்களைப் பாருங்கள். காதிரிய்யா தரீக்காவை நூருத்தீன் ரானீரியிடமிருந்து பெற்றதாக அவரே எழுதுகிறார். ரானீரி குஜராத்தின் ராந்தேர் ஊர்க்காரர். 1637இல் அச்சே போய், அங்கே ஹம்ஸா ஃபன்ஸூரியின் வுஜூத் கொள்கையைப் பின்பற்றியவர்களைக் காஃபிர்கள் என்று சொல்லி, அவர்களுடைய நூல்களை எரிக்க வைத்தவர். பிறகு மக்காஸரி மதீனாவுக்குப் போய் இப்ராஹீம் கூரானியிடம் ஓதினார். கூரானி வஹ்ததுல் வுஜூதை ஆதரித்து எழுதிய பேரறிஞர். எரித்தவரும் ஆதரித்தவரும் ஒரே மாணவருக்கு உஸ்தாதுகள்! மதீனாவில் கூரானியின் மேற்பார்வையில் மக்காஸரி தம் கையால் பிரதி எடுத்த நூல்களில் இரண்டு ஹிராத் நகரத்து மௌலானா ஜாமியுடையவை. ஜாமி 1414இல் பிறந்து 1492இல் மறைந்தவர். ஒன்று ‘அத்துர்ரா அல்ஃபாகிரா’. கலாம் அறிஞர், தத்துவவாதி, சூஃபி ஆகிய மூவரின் கருத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நிறுத்துப் பார்க்கிற நூல். உஸ்மானிய சுல்தான் இரண்டாம் முஹம்மத் கேட்டதால் எழுதப்பட்டது. மற்றது ‘ரிஸாலா ஃபில் வுஜூத்’, மிகச் சின்ன நூல். இன்று நான் சொல்லப்போகிற முதல் வாதம் அந்தச் சின்ன நூலில் இருக்கிறது. ஆகவே இதை ஏதோ தூர தேசத்துச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். இந்த வாதத்தைக் கையால் எழுதிய மனிதர் இந்த மண்ணில் பத்து வருஷம் மூச்சு விட்டிருக்கிறார்.

வாதத்துக்கு வருவோம். பின் வரிசையில் இருக்கிற தம்பிமார் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், இந்த இடம்தான் முக்கியம்.

இப்னு ஸீனா, 1037இல் இறந்தவர், ஒரு வேறுபாட்டைக் கூர்மையாக்கி வைத்தார். ஒரு பொருள் எது என்பது வேறு, அது உண்டா என்பது வேறு. நமது களப்பிலே கடற்பசு மேய்ந்து திரிந்ததாகப் பெரியவர்கள் சொல்வார்கள். பிள்ளைக்குக் கடற்பசுவைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லிக் கொடுக்கலாம். கடற்புல் தின்னும், குட்டிக்குப் பால் கொடுக்கும், மூச்சு வாங்க மேலே வரும். இவ்வளவையும் படித்த பிள்ளைக்கு இன்றைக்குக் களப்பில் ஒரு கடற்பசுவாவது இருக்கிறதா என்பது தெரிய வராது. அதை அறியத் தோணி எடுத்துக்கொண்டு போய்ப் பார்க்க வேண்டும். எது என்பதை மாஹிய்யத் என்றார்கள், உண்டு என்பதை வுஜூத் என்றார்கள். உலகத்துப் பொருள்கள் எல்லாவற்றிலும் இந்த இரண்டும் வேறு வேறு. அவற்றின் தன்மையில் ‘கட்டாயம் இருந்தே ஆக வேண்டும்’ என்று எதுவும் எழுதியில்லை. இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அல்லாஹ் மட்டும் அப்படியல்ல. அவன் வாஜிபுல் வுஜூத், இருந்தே தீர்பவன்.

ஜாமி இதை எடுத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்கிறார். பொருளின் தன்மையை மட்டும் தனியே பாருங்கள், இருப்பு சேருவதற்கு முன். அது இருக்கிறதா? இல்லை. இருப்பு சேர்ந்தால்தானே அது இருக்கும். சரி, அதோடு சேர வருகிற அந்த ‘இருப்பு’, அது இருக்கிற ஒன்றா, இல்லாத ஒன்றா? இல்லாதது என்று சொன்னால், இல்லாத ஒன்றோடு இன்னோர் இல்லாததைக் கூட்டுகிறோம். கூட்டினால் இருக்கிற பொருள் எப்படி வரும்? சைபரோடு சைபரைச் சேர்த்தால் சைபர்தானே. ஆனால் பொருள்கள் இருக்கின்றன, இந்த ஒலிவாங்கி இருக்கிறது, நீங்கள் இருக்கிறீர்கள். ஆகவே இருப்பு என்பது உண்மையிலேயே இருக்கிற ஒன்று. அதுவும் தன்னாலேயே இருப்பது. தன்னால் இருப்பதற்குத்தான் வாஜிப் என்று பெயர்.

‘தன்னாலேயே’ என்பதை ஏன் நுழைத்தார்? அங்கே ஒரு தடை காத்திருக்கிறது. இருப்பு இருக்கிறது என்றால், அது இருக்க அதற்கு இன்னோர் இருப்பு வேண்டாமா? அதற்கு மற்றொன்று? முடிவே இல்லாத சங்கிலி ஆகிவிடுமே? இதற்குச் சூஃபிகளும் தத்துவவாதிகளும் சொல்லும் விடை புத்தளத்தாருக்கு உடனே விளங்கும். கறி உவர்ப்பது உப்பால். உப்பு உவர்ப்பது எதனால்? அதற்கு மேல் இன்னோர் உப்பைப் போட வேண்டியதில்லை, உப்பு தன்னாலேயே உவர்ப்பு. அப்படியே பொருள்கள் இருப்பது இருப்பால், இருப்பு இருப்பது தன்னால். சங்கிலி அங்கே நின்றுவிடும்.

அழகான வாதம். நான் அதை முதன்முதலில் வாசித்தபோது தடுத்து நிறுத்த இடமே இல்லை என்று தோன்றியது. ஆனால் இடம் இருக்கிறது, அதுவும் நமது அகீதாவின் முதல் பாடத்திலேயே. பொருளின் தன்மை வேறு, இருப்பு வேறு என்று பிரித்தால்தானே இந்தக் கூட்டல் கணக்கே பிறக்கும்? இமாம் அஷ்அரி பிரிக்கவில்லை. கடற்பசுவின் இருப்பு என்பது கடற்பசுவேதான் என்றவருக்கு முன்னால் ஜாமியின் கேள்வி நிற்காது. எதையும் எதோடும் கூட்ட வேண்டிய தேவை அவருக்கு இல்லை. இன்னொரு தடையை 1390இல் மறைந்த தஃப்தாஸானி போட்டார். இருப்பு என்பது மனசு எடுத்துக்கொள்கிற ஒரு பொதுக் கருத்து. ‘மனிதத் தன்மை’ என்று ஒன்று தனியாகத் தெருவில் நடந்து போகாதது போல, ‘இருப்பு’ என்றும் ஒன்று வெளியே தனியாக இல்லை. மனசுக்குள் இருக்கிற பொதுக் கருத்தை எடுத்து இதுதான் அல்லாஹ் என்று சொல்வது எவ்வளவு பெரிய பிழை என்று கேட்டார். ஜாமியின் பதில்: மனசில் இருக்கிற கருத்து வேறு, அந்தக் கருத்து எதைச் சுட்டுகிறதோ அந்த உண்மை வேறு. நாங்கள் சொல்வது இரண்டாவதை. பதில் சரிதான், ஆனால் அப்படி ஓர் உண்மை தனியே உண்டு என்பதைத்தானே நிறுவ வேண்டியிருந்தது? என் கணக்கில் இந்தச் சுற்றில் தஃப்தாஸானிக்கே கூடுதல் புள்ளி.

இரண்டாவது வாதம் ஒருமை பற்றியது. இருப்பு உண்மையில் உண்டு என்று வைத்துக்கொள்வோம், அது ஏன் ஒன்றாக இருக்க வேண்டும்? இரண்டு இருப்புகள் உண்டென்றால் ஒன்றை மற்றதிலிருந்து பிரிக்க ஏதாவது வேண்டும். பிரிக்கிற அதுவும் இருப்பா? அப்படியென்றால் பிரிக்காது, இரண்டிலும் இருப்பதுதானே அது. இருப்பு அல்லாததா? இருப்பு அல்லாதது இன்மை. இன்மை எதையும் பிரிக்க மாட்டாது. ஆகவே இருப்பு ஒன்றே. இந்த இடத்தில் 1640இல் மறைந்த முல்லா ஸத்ரா ஒரு திருத்தம் கொண்டுவந்தார். இருப்பு ஒன்றுதான், ஆனால் அதற்கு அழுத்தமும் தளர்வும் உண்டு, படிநிலைகள் உண்டு. எதில் ஒன்றுபடுகின்றனவோ அதிலேயே வேறுபடவும் முடியும். இந்தத் திருத்தம் இல்லாவிட்டால் இரண்டாவது வாதம் அளவுக்கு மீறி நிரூபித்துவிடும். நீங்களும் நானும் ஒரே ஆள் என்றாகிவிடும். கடன் கொடுத்தவர்கள் சம்மதிக்க மாட்டார்கள்.

மூன்றாவது வாதம்தான் என்னை விடாமல் பிடித்திருக்கிறது. அல்லாஹ்வின் இருப்புக்கு எல்லை இல்லை. இதில் நமக்குள் சண்டை கிடையாது. உலகத்துக்கு அவனைச் சாராமல் தன் காலில் நிற்கிற ஓர் இருப்பு உண்டு என்றால், அந்த இருப்பு தொடங்குகிற இடத்தில் அவனுடையது முடிகிறது. முடிந்தால் எல்லை வந்துவிட்டது. ஆகவே அப்படி ஓர் இருப்பு உலகத்துக்கு இல்லை. இதை மறுக்க அஷ்அரி வழி எனக்கு உதவுமா என்று பார்த்தேன். உதவவில்லை, உண்மையில் அந்த வழி இதே திசையில்தான் போகிறது. அஷ்அரி கலாம் என்ன சொல்கிறது? நிறம், சூடு, அசைவு போன்ற பண்புகள் இரண்டு கணம் நீடிப்பதில்லை, அல்லாஹ் கணத்துக்குக் கணம் புதிதாகப் படைக்கிறான். நெருப்புச் சுடுவதும் கத்தி வெட்டுவதும் அவன் படைப்பு, நெருப்புக்கும் கத்திக்கும் சொந்த ஆற்றல் இல்லை. நமது செயல்களைப் படைப்பவனும் அவனே. நீடிப்பும் சொந்தமில்லை, ஆற்றலும் சொந்தமில்லை, செயலும் சொந்தமில்லை என்ற பிறகு, உலகத்திடம் ‘சொந்த இருப்பு’ என்று எவ்வளவு மிச்சம்? இப்னு அரபி ‘ஃபுஸூஸுல் ஹிகம்’ நூலில் நபி ஷுஐப் பற்றிய அத்தியாயத்தில் அஷ்அரிகள் உண்மையின் ஒரு பாதியைத் தொட்டுவிட்டார்கள் என்கிற தொனியில் பேசுகிறார். எதிரியைப் புகழ்கிற தொனி இல்லை அது, ‘இன்னும் ஓர் அடி வையுங்கள்’ என்று கூப்பிடுகிற தொனி.

போகிற போக்கில் ஒன்று. 1240இல் டமஸ்கஸில் மறைந்த இப்னு அரபியின் நூல்களில் ‘வஹ்ததுல் வுஜூத்’ என்ற சொற்றொடர் ஒரு கொள்கையின் பெயராக வருவதில்லை. பெயர் பிற்காலத்தவர் வைத்தது. அவருடைய மாணவர் ஸத்ருத்தீன் கூனவி வாதத்தை ஒழுங்குபடுத்தினார். அவரும் நஸீருத்தீன் தூஸியும் இருப்பைப் பற்றிக் கடிதம் எழுதிக்கொண்டார்கள். ஒருவர் சூஃபி, மற்றவர் இப்னு ஸீனாவின் வழி வந்த தத்துவவாதி, ஷீயா. கடைசிவரை உடன்படவில்லை. மரியாதை குறையாமல் எழுதி, இருவரும் 1274இலேயே மறைந்தார்கள்.

இனி, உப்பைப் பற்றிச் சொன்னேனே, அதிலேயே ஓர் ஆபத்தும் இருக்கிறது. பாலாவிப் பக்கம் போகிறவர்கள் உப்பளத்தைப் பார்த்திருப்பீர்கள். களப்புத் தண்ணீரைப் பாத்தியில் விட்டு, வெயிலும் காற்றும் தண்ணீரைக் குடிக்க, உப்பு அடியில் பூக்கும். வாரிக் குவித்துக் கிடுகு போட்டு மூடுவார்கள். தண்ணீருக்குள் உப்பு எங்கும் நிறைந்திருக்கிறது, கண்ணுக்குத் தெரியவில்லை, அப்படித்தான் இறைவன் உலகத்தில் என்று யாராவது சொன்னால், கேட்க இனிப்பாக இருக்கும். ஆனால் அது வஹ்ததுல் வுஜூத் அல்ல, அதற்கு நேர் எதிர். தண்ணீரும் உப்பும் இரண்டு பொருள்கள். இரண்டும் இருக்கின்றன, ஒன்று மற்றதில் கலந்திருக்கிறது. இதற்கு அரபியில் ஹுலூல் என்று பெயர், ஒன்று இன்னொன்றுக்குள் இறங்குதல். இப்னு அரபி வழியினர் எல்லோரும் ஹுலூலை மறுக்கிறார்கள். மறுக்கிற காரணமும் தர்க்கம்தான். இறங்குவதற்கு இரண்டு வேண்டும், அவர்கள் கணக்கில் இரண்டாவது கிடையாது. நமது மேடைகளில் இந்தக் கொள்கையை ஆதரிப்பவர்களே உப்பையும் தண்ணீரையும் உதாரணம் காட்டி, எதிர்ப்பவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு அடிப்பதைக் கேட்டிருக்கிறேன். அடி நியாயமானது, ஆனால் விழுந்த இடம் வேறு.

மக்காஸரி எழுதியபோது இந்த ஆபத்து அவருக்கு நன்றாகத் தெரியும். அச்சேயில் எரிந்த நூல்களின் சாம்பல் அவர் காலத்துச் செய்தி. அவர் இரண்டு சொற்களைப் பிடித்துக்கொண்டார். ஒன்று இஹாதா, சூழ்ந்திருத்தல். மற்றது மஇய்யா, உடனிருத்தல். இரண்டும் குர்ஆனிலிருந்து எடுத்தவை. அல்ஹதீத் அத்தியாயத்தின் 4ஆம் வசனத்தில் நீங்கள் எங்கிருந்தாலும் அவன் உங்களோடு இருப்பதாக வருகிறதே, அதுதான் மஇய்யா. அவன் எல்லாவற்றையும் சூழ்ந்து, எல்லாவற்றுடனும் இருக்கிறான். ஆனால் அடியான் எவ்வளவு உயரம் ஏறினாலும் அடியான்தான், ரப்பு ரப்புதான் என்று அழுத்திச் சொன்னார். ஷரீஅத்தை விட்டு ஹகீக்கத் கிடையாது என்றார். வாதத்தின் பலத்தை விடாமல், வாதம் தவறிப் போகிற வாசலை மட்டும் அடைத்தார். அரசியல் கைதிக்கு இவ்வளவு நிதானம் எப்படி வந்தது என்று நான் வியப்பதுண்டு.

முன்னேஸ்வரத்துப் பக்கத்து நண்பர்கள் சிலர் முன்னால் அமர்ந்திருக்கிறீர்கள். ‘இது எங்கள் அத்வைதம்தானே’ என்று உங்கள் மனதில் ஓடும். சங்கரருடைய அத்வைதத்தோடு ஒப்பிடுவதுதான் வழக்கம். எனக்கு அது அவ்வளவு பொருத்தமாகப் படவில்லை. உலகத்தைத் தோற்ற மயக்கம் என்று இப்னு அரபி தள்ளவில்லை. அவருக்கு அது தஜல்லி, இறை நாமங்களின் வெளிப்பாடு. பொருட்படுத்த வேண்டிய உலகம். மக்காஸரியின் சூழ்தல், உடனிருத்தல் என்ற அமைப்பைப் பார்த்தால், எனக்கு மெய்கண்டாரின் வழிதான் நினைவுக்கு வருகிறது. சிவஞானபோதம் 13ஆம் நூற்றாண்டு, கூனவியின் நூற்றாண்டு. இறைவன் உயிர்களோடு ஒன்றாயும் வேறாயும் உடனாயும் நிற்கிறான் என்பது சைவ சித்தாந்தம். அந்த ‘உடனாய்’ மஇய்யாவுக்குப் பக்கத்து வீடு. கொடுக்கல் வாங்கல் நடந்தது என்று நான் சொல்லவில்லை, ஒரே முடிச்சை இரண்டு பேர் தனித்தனியே அவிழ்க்கப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் சித்தாந்தத்தில் உயிர்கள் படைக்கப்படாதவை, என்றும் உள்ளவை. அந்த இடத்தில் முஸ்லிம் நின்றுவிடுவான். அந்த ஓர் இடம் சிறிய இடமல்ல.

தமிழ் சூஃபிகளைப் பற்றிச் சொல்லாமல் போனால் குறை வரும். தக்கலை பீர் முகம்மது அப்பாவும், 1838இல் மறைந்த குணங்குடி மஸ்தான் சாகிபும் சித்தர் பரிபாஷையிலேயே இந்த ஒருமையைப் பாடினார்கள். அப்பாவின் ஞானப்புகழ்ச்சி இன்றும் தக்கலையில் வருடந்தோறும் பாடப்படுகிறது. கேட்கும்போது உடம்பு சிலிர்க்கும். ஆனால் பாட்டு வாதமாகாது. பாட்டு கண்டதைச் சொல்லும், வாதம் கண்டதற்குக் காரணம் சொல்லும். ஒரு பாட்டின் அடியை வெட்டி எடுத்து ஒருவரைக் காஃபிர் என்பதும், அதே அடியைக் காட்டிக் கொள்கையை நிரூபித்துவிட்டேன் என்பதும் ஒரே வகைத் தவறு. ஷெய்க் அஹ்மத் ஸிர்ஹிந்தி, 1624இல் மறைந்தவர், இதைத்தான் சுட்டினார். சூஃபி ஒன்றையே காண்கிறான், அது காட்சியின் ஒருமை, வஹ்ததுஷ் ஷுஹூத், இருப்பே ஒன்று என்று அதிலிருந்து முடிவுக்குத் தாவக் கூடாது என்றார். பிறகு டில்லி ஷாஹ் வலியுல்லாஹ் வந்து, இரண்டு தரப்புக்கும் இடையில் உள்ளது பெரும்பாலும் சொல்முறை வேறுபாடே என்றார். எனக்கு ஷாஹ் வலியுல்லாஹ்வின் சமாதானம் கொஞ்சம் அவசரமானதாகத் தெரிகிறது. ஸிர்ஹிந்தியின் தடை உண்மையான தடை. அனுபவத்தை நம்பி வந்தவர்களுக்கு அது விழும். ஜாமியைப் போலத் தர்க்கத்தை நம்பி வந்தவர்களுக்கு விழாது.

இப்போது கசப்பான பகுதி. 1979இல் காத்தான்குடியில் ஒரு மௌலவி வஹ்ததுல் வுஜூத் பற்றிப் பேசினார். அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா அவரையும் அந்தக் கருத்தை ஏற்றவர்களையும் முர்தத், அதாவது மார்க்கத்தை விட்டு வெளியேறியவர்கள், என்று பத்வாவில் அறிவித்தது. 2004இல் அங்கே இந்தத் தகராறில் வீடுகள் எரிந்தன. 2006 டிசம்பரில் இன்னொரு ஷெய்கின் ஜனாஸா கப்றிலிருந்து தோண்டி எடுக்கப்பட்டது. 2017 மார்ச்சில் அலியார் சந்தியில் இதே பகையில் வாளோடு வந்த கூட்டத்தின் தலைவனை, 2019 ஏப்ரல் ஈஸ்டர் குண்டுத் தாக்குதலின்போது, முழு நாடும் அறிந்துகொண்டது. அதற்கு மூன்று மாதம் முன்பு, நமது மாவட்டத்தில், வண்ணாத்திவில்லுத் தென்னந்தோட்டத்தில் அவர்களுடைய வெடிமருந்து கண்டெடுக்கப்பட்டது. தூரத்து ஊர்க் கதை என்று நாம் சொல்லிக்கொள்ள முடியாது.

அந்த 1979 உரையில் சொன்னது எல்லாம் சரியா என்பது என் விசயமல்ல. சொன்ன விதத்தில் குறை இருந்தால் உலமாக்கள் திருத்த வேண்டும், அது அவர்கள் கடமை. நான் கேட்பது வேறு. எந்தப் படியை மறுக்கிறீர்கள்? தன்மை வேறு இருப்பு வேறு என்பதையா? இருப்பு மனசுக்கு வெளியே உண்டு என்பதையா? ஒன்று என்பதையா? எல்லையின்மையிலிருந்து எடுத்த முடிவையா? முதல் படியை மறுத்தால் அஷ்அரியோடு நிற்கிறீர்கள், இரண்டாவதை மறுத்தால் தஃப்தாஸானியோடு, மூன்றாவதைத் திருத்தினால் ஸத்ராவோடு. இவை எல்லாம் கண்ணியமான இடங்கள். எந்தப் படி என்று சொல்லாமல் ஆளை மட்டும் வெளியே தள்ளினால், மறுப்பு நடந்ததாகவே ஆகாது. அதேபோல எதிர்த் தரப்பும், வாதத்தைச் சொல்லாமல் ‘இது ரகசியம், உனக்கு விளங்காது’ என்று மூடிவிட்டால், அது ஞானமாகாது. வெறும் கதவடைப்பு.

என் பக்கத்தைச் சொல்கிறேன் என்றேனே. முதல் வாதத்தை நான் ஏற்கவில்லை, அஷ்அரி மறுப்பே எனக்குப் போதும். இரண்டாவதை ஸத்ராவின் திருத்தத்தோடு மட்டும் ஏற்பேன். மூன்றாவதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. உலகத்துக்குத் தன் சொந்த இருப்பு இல்லை, கணத்துக்குக் கணம் கொடுக்கப்படுகிறது என்பது வரை நான் போகிறேன். கொடுக்கப்பட்ட அந்த இருப்பை ‘இரண்டாவது’ என்று எண்ணலாமா, கொடுத்தவனின் வெளிப்பாடு என்று சொல்லலாமா என்ற கடைசித் திருப்பத்தில் மக்காஸரியின் ‘உடனிருத்தல்’ எனக்குப் போதுமானதாக இருக்கிறது. அதற்கு மேல் போகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை.

எனக்குச் சங்கடமான கேள்வி ஒன்று மிச்சமிருக்கிறது. அதை உங்கள் முன் வைத்துவிட்டு உட்காருகிறேன். கற்பிட்டிக்கு வெளியே கடலில் டைனமைட் போட்டு மீன் பிடிக்கிறார்கள். பவளப் பாறையும் குஞ்சு மீனும் ஒரே நொடியில் நாசம். அந்த வெடிப்பும் இருக்கிற ஒன்றுதானே, அந்த இருப்பு யாருடையது? இப்னு அரபி வழியினர் சொல்வார்கள்: இருப்பு என்ற அளவில் எல்லாம் நன்மை, தீமை என்பது ஒரு குறைவு, இன்மையின் பக்கத்தைச் சேர்ந்தது. ஒவ்வொன்றும் அல்லாஹ்வின் அறிவில் என்னவாக இருந்ததோ அதற்கு ஏற்றபடி இருப்பைப் பெறுகிறது, ஆகவே பொறுப்பு பெற்றவனுக்கே. கேட்கச் சரியாக இருக்கிறது. ஆனால் அறிவில் அப்படி இருந்ததற்கு யார் காரணம் என்று கேட்டால் அவர்களும் தடுமாறுகிறார்கள். அஷ்அரிகளின் கஸ்பு, அதாவது செயலை அல்லாஹ் படைக்கிறான், மனிதன் ஈட்டிக்கொள்கிறான் என்ற விடை, இதே இடத்தில் இதே அளவு தடுமாறுகிறது. டைனமைட் போட்டவனைப் பிடித்துக் கோர்ட்டில் நிறுத்த நமக்கு இந்த விடை தேவையில்லை. அல்லாஹ்வின் முன் அவன் எப்படிப் பொறுப்பாளி என்று விளங்கிக்கொள்ளத் தேவை. இங்கே வந்திருக்கிற ஹஸ்ரத்மார் இதற்குப் பதில் சொன்னால் நான் குறித்துக்கொள்ளக் காத்திருக்கிறேன். இஷாவுக்கு இன்னும் இருபது நிமிஷம் இருக்கிறது, கேள்விகளை அந்த இடத்திலிருந்தே தொடங்குவோம்.